தாங்கள் முறைத்துப் பார்த்தீர்கள்

ஒரு தொழிலாளியை நிர்வாகம் முதன்முதலாக 'தாங்கள்' என்று அழைப்பது எப்போது தெரியுமா? அவனுடைய சீட்டைக் கிழிப்பது என்று முடிவெடுத்த அன்றைக்கு. அதுவரை அவன் 'டேய்'. சூப்பர்வைசருக்கு வீட்டில் நல்ல காப்பி கிடைத்த நாளாக இருந்தால் 'ஏம்பா'. சம்பள நாளில் வெறும் டோக்கன் நம்பர். சார்ஜ் ஷீட்டில்தான் தாங்கள், தங்களது, தங்களுக்கு என்று மரியாதை கொட்டும். 'மேற்படி தேதியில் முதல் ஷிப்டில் தாங்கள் தங்கள் மேலதிகாரியை முறைத்துப் பார்த்தீர்கள்.' இந்த வாக்கியத்தை எந்தக் கதையிலிருந்தும் எடுக்கவில்லை. நானே டைப் அடித்தது. மூன்று கார்பன் வைத்து, நான்கு பிரதி.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையின் பர்சனல் டிபார்ட்மென்டில் 22 வருஷம் டைப்பிஸ்டாக இருந்தேன். மெமோ, ஷோகாஸ், சஸ்பென்ஷன், டிஸ்மிஸல் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயின. சில பேருக்கு அவர்கள் தகப்பனார் வைத்த பெயரை முழுசாக, இனிஷியலோடு, பிழையில்லாமல் எழுதிக் கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

போன மாதம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்தான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் எச்.ஆர். மேனேஜர். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் ஒருநாள் பயிற்சியாம். கையில் ஒரு ஃபோல்டர், அதில் சொருகிய பேனா, வயிற்றில் பஃபே சாப்பாடு. ஃபோல்டரின் மேல் தலைப்பு: கீழ்ப்படியாத ஊழியரைத் தொழில்முறையாகக் கையாளுதல்.

"தொழில்முறையான்னா என்னடா?" என்றேன்.

"கோபப்படாம மாமா. உணர்ச்சிவசப்படாம."

கசாப்புக் கடைக்காரர்கூட ஆட்டின் மேல் கோபப்படுவதில்லை.

ஃபோல்டரைப் புரட்டினேன். குரலை உயர்த்தாதீர்கள். பத்துப் பேர் முன்னால் பேசாதீர்கள், தனியறைக்குக் கூப்பிடுங்கள். சாட்சி ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நாள், நேரம், இடம் குறித்து வையுங்கள். ஊழியர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல் உட்காருங்கள். 'கேளுங்கள்' என்று இல்லை, 'கேட்பதுபோல் உட்காருங்கள்.' தலையை எத்தனை பாகை சாய்க்க வேண்டும் என்று படம்கூட இருந்தது. குறை சொல்ல முடியாது. என் காலத்து மேனேஜர் பேப்பர் வெயிட்டை எறிவார். அதோடு பார்த்தால் இது நாகரிகம்தான்.

நாற்பத்தெட்டுப் பக்கம். அதில் ஒரே ஒரு கேள்வியைத் தேடினேன். முதலில் இருந்து ஒருமுறை, கடைசியில் இருந்து ஒருமுறை. அந்த ஊழியர் மறுத்த உத்தரவு சரியான உத்தரவுதானா? அந்தக் கேள்வி எந்தப் பக்கத்திலும் இல்லை. அதற்கென்று ஒரு படமும் இல்லை.

சட்டத்தில் இருக்கிறது. நிலையாணை என்றால் ஆலையின் வேலை விதிகள். 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டத்தை ஒட்டி மத்திய அரசு போட்ட மாதிரி நிலையாணைகளில், ஒழுங்கீனங்களின் பட்டியலில் முதலில் நிற்பதே கீழ்ப்படியாமைதான். ஆனால் சும்மா கீழ்ப்படியாமை இல்லை. மேலதிகாரியின் 'சட்டப்படியான, நியாயமான' உத்தரவுக்கு 'வேண்டுமென்றே' கீழ்ப்படியாமை. எழுதியவர்கள் புத்திசாலிகள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரும் மனுஷர்தான், அவர் வாயிலிருந்தும் கிறுக்குத்தனமான உத்தரவு வரலாம் என்று தெரிந்துதான் அந்த அடைமொழிகளைக் காவலுக்கு நிறுத்தினார்கள். இப்போது அந்தச் சட்டமே 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்புக்குள் போய்விட்டது. 100 பேர் இருந்தாலே நிலையாணை வேண்டும் என்றிருந்த வரம்பு 300 பேராகிவிட்டது. 299 பேர் வேலை பார்க்கும் இடத்தில் அந்தக் காவலும் வீட்டுக்குப் போகலாம்.

எங்கள் ஆலையில் 300க்கு மேல் ஆட்கள். நிலையாணை ஃபிரேம் போட்டு நோட்டீஸ் போர்டில் தொங்கும், மேலே ஈ உட்கார்ந்திருக்கும். அப்படி இருந்தும் நான் அடித்த சார்ஜ் ஷீட்டில் ஒன்றில்கூட 'சட்டப்படியான, நியாயமான' என்ற சொற்கள் இருந்ததில்லை. மேனேஜர் வாயால் சொல்லும்போதே அவை விழுந்துவிடும். 'மேலதிகாரியின் உத்தரவுக்கு' என்பார், நான் அடிப்பேன். இடத்தை மிச்சம் பிடிக்கிறார் என்று முதல் இரண்டு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முறைத்துப் பார்த்த மனுஷனைப் பற்றிச் சொல்கிறேன். வந்தவாசிப் பக்கத்து ஆள். பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர், நூறு டன் பவர் பிரஸ். அதை ஓட்ட இரண்டு பொத்தான் உண்டு, ஆளின் தோள் அகலத்துக்குத் தள்ளித் தள்ளி. இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேல் அச்சு, அதாவது டை, இறங்கும். எதற்காக? டை இறங்கும்போது இரண்டு கையும் பொத்தானில் இருக்கும், டைக்கு நடுவில் இருக்காது. அவ்வளவுதான் விஞ்ஞானம். ஆனால் இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் தகட்டை எடுத்து வைப்பது யார்? ஒரு பொத்தானை நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டால் ஒரு கை மிச்சம். அந்தக் கையால் தகட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம், மணிக்கு இருநூறு பீஸ் கூட வரும். அதற்கு ஒரு கருவி கண்டுபிடித்திருந்தார்கள். பேக்கிங் பெட்டியில் உடைத்த மரச்சில், ஒரு முனை சீவியது. பொத்தானுக்கும் வளையத்துக்கும் நடுவில் அடித்துவிட்டால் நிற்கும். அதற்கு ஷாப்பில் பெயர் ஆப்பு. பெயர் வைத்தவன் தீர்க்கதரிசி.

ஒரு நாள் காலை இந்த ஆள் ஆப்பைப் பிடுங்கி ஓவரால் பையில் போட்டுக்கொண்டார். முன்பக்கம் கையைத் தடுக்க இருக்க வேண்டிய கம்பிக் கார்டும் ஒரு வாரமாகக் கழன்று சுவரோரம் சாய்ந்து கிடந்தது.

"ஸ்ட்ரோக்கைப் போடுறா."

"கார்டை மாட்டிட்டுக் கூப்பிடுங்க சார். போடறேன்."

இதுதான் நடந்தது. இரண்டு வாக்கியம். அதில் மரியாதையாகப் பேசியது யார் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அபாயமான எந்திரத்துக்கு மறைப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21ஆம் பிரிவில் சொல்லியிருந்தது. ஆகவே அந்தக் காலை நேரத்தில் பிரஸ் ஷாப்பில் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து நின்றவர் ஒரே ஒருவர். அவர் மேல்தான் கீழ்ப்படியாமைக்குச் சார்ஜ் ஷீட்.

ஒன்று, மேலதிகாரியின் உத்தரவை மறுத்தீர்கள். இரண்டு, உற்பத்தி இழப்பு ஏற்படுத்தினீர்கள். மூன்றாவதுக்கு மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "கெட்ட வார்த்தை ஏதாவது பேசினானா?" என்றார். சூப்பர்வைசர் நேர்மையான மனுஷன், அல்லது அன்றைக்குக் களைத்திருந்தார். "இல்ல சார், சும்மா பாத்துக்கிட்டே நின்னான்" என்றார். "எப்படிப் பாத்தான்?" "சும்மாதான் சார்." மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "முறைத்துப் பார்த்தீர்கள்னு அடிய்யா."

விசாரணைக்கு டொமஸ்டிக் என்கொயரி என்று பெயர். சில கம்பெனிகளில் அதை 'வீட்டு விசாரணை' என்றே மொழிபெயர்ப்பார்கள். தப்பான மொழிபெயர்ப்புதான், ஆனாலும் உண்மை. வீட்டில் நடப்பதுபோலத்தான் நடக்கும். புகார் கொடுப்பது மாமியார், சாட்சி மாமியார், தீர்ப்பு மாமியார். மருமகளுக்கு வாய் இருப்பதுதான் வழக்கு.

கான்பரன்ஸ் ரூம். பளபளக்கும் மேஜை, தட்டில் பிஸ்கட். விசாரணை அதிகாரியாக ஒரு வக்கீல், ஒவ்வொரு அமர்வுக்கும் அவருக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. அவர் மோசமானவர் என்று சொல்லமாட்டேன். தனக்குச் சோறு போடும் கையைக் கடிக்கும் பழக்கம் இல்லாதவர், அவ்வளவே. தொழிலாளிக்கு உதவியாக ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம். அந்த உரிமையை அவருக்குப் படித்துக் காட்டினார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். யார் வருவார்கள்? வருகிறவனுக்கு அடுத்த மாதம் 'தாங்கள்' வரும். தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். பிஸ்கட் தட்டை யாரும் அவர் பக்கம் நகர்த்தவில்லை.

"ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. ஸ்ட்ரோக் போடச் சொன்னாரா?"

"சொன்னார் சார்."

"மறுத்தீங்களா?"

"ஆமா சார். ஆனா அந்த கார்டு..."

"ஆம். எழுதிக்கப்பா" என்றார் வக்கீல் என்னைப் பார்த்து.

'ஆம்' என்று அடித்தேன். அந்த 'ஆனா'வை அடிக்கவில்லை. ஆனா ஆவன்னாவில் தொடங்கிப் படித்த படிப்பெல்லாம் அந்த ஒரு 'ஆனா'வை விழுங்கத்தான் பயன்பட்டது.

அப்போது அவர் பையிலிருந்து ஆப்பை எடுத்து மேஜை மேல் வைத்தார். எண்ணெய்க் கறை படிந்த நாலங்குல மரச்சில். ஏதோ செத்த எலியைப் பார்ப்பதுபோல அறையே அதைப் பார்த்தது. வக்கீல் அதைக் கையால் தொடவில்லை. பேனா முனையால் ஓரமாகத் தள்ளி, 'இவ்விசாரணைக்குத் தொடர்பற்றது' என்றார். அதையும் அடித்தேன். மறுநாள் கூடுதல் சார்ஜ் ஷீட் ஒன்று வந்தது: நிறுவனத்துக்குச் சொந்தமான மரத்துண்டு ஒன்றைத் தாங்கள் உரிய அனுமதியின்றி வெளியே எடுத்துச் சென்றீர்கள். சத்தியமாக. நாலு பிரதி.

சஸ்பென்ஷனில் இருப்பவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதற்கு மேல் இழுத்தால் முக்கால். பாதிச் சம்பளத்தில் பாதி வயிறு நிரம்பும் என்பது கணக்கு. ஒன்பது மாதம் கழித்து டிஸ்மிஸ் ஆர்டர். தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனார். தண்டனை அதிகப்படி என்றால் குறைக்கவோ ரத்து செய்யவோ அந்த நீதிமன்றத்துக்கு 1971லிருந்து அதிகாரம் இருந்தது, தொழிற்தகராறு சட்டம் 11ஏ பிரிவு. ஏழு வருஷத்தில் ஜெயித்தார். கம்பெனி உயர் நீதிமன்றம் போனது. பிறகு ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குள் அவர் தலை நரைத்திருந்தது. எங்கள் மேனேஜர் ஜி.எம். ஆகியிருந்தார்.

சொல்ல வந்தது அவரைப் பற்றி மட்டும் இல்லை. அவர் மறுத்த மூன்றாம் நாள், அதே பிரஸ்ஸில் ஒரு காண்ட்ராக்ட் பையனை நிறுத்தினார்கள். இருபது வயசு. புது ஆப்பு. பையன் தங்கமான பையன். முறைக்கவில்லை, கேள்வி கேட்கவில்லை, 'சரி சார்' என்ற சொல்லைத் தவிர வேறு பேசவில்லை. எந்த எச்.ஆர். ஃபோல்டரிலும் படம் போட்டு வைக்கலாம். இரவு ஷிப்டில் இரண்டே முக்கால் மணிக்கு ஆள்காட்டி விரலில் இரண்டு கணு, நடுவிரலில் இரண்டு கணு.

பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் பார்த்திருக்கிறீர்களா? சந்தையில் காய்கறி விலைப் பலகை மாதிரி இருக்கும். கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14, இரண்டு கணு 11, ஒரு கணு 9. எலும்பு போகாமல் நுனி மட்டும் என்றால் 5. நடுவிரல் இரண்டு கணுவுக்கு 9. சுண்டுவிரல் முழுசுக்கும் 7தான், மலிவு. சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்கிற கணக்கு அது. ஒன்றைச் சுட்டிக்காட்டுவதற்கென்று மனுஷனுக்குக் கடவுள் கொடுத்தது ஆள்காட்டி விரல். அதைக் கொண்டு கழன்ற கார்டைச் சுட்டிக்காட்டியவருக்கு வேலை போனது. சுட்டிக்காட்டாதவனுக்கு விரலே போனது.

விபத்து அறிக்கையும் என் மேஜைக்குத்தான் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் மேனேஜர் சொன்னதை அடித்தேன்: 'தொழிலாளியின் கவனக்குறைவு.' இடது பக்க டிராயரில் வந்தவாசிக்காரரின் சார்ஜ் ஷீட் நகல், வலது பக்கம் பையனின் விபத்து அறிக்கை. அதே ரிப்பன், அதே பிசுபிசுத்த 'ற' எழுத்து. கீழ்ப்படியாதவனுக்கு ஒரு காகிதம், கீழ்ப்படிந்தவனுக்கு ஒரு காகிதம். நான் அன்று ஐந்தரை மணிக்கு சரியாகக் கிளம்பிப் பேருந்து பிடித்தேன். என் பத்து விரலும் பத்திரமாக இருந்தன.

கீழ்ப்படியாமை என்று இந்த நாட்டில் எதற்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறார்கள்! 1908இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வாரத்தில் ஒரு நாள் லீவு கேட்டது கீழ்ப்படியாமை. வ.உ.சி. பின்னால் நின்று அதை வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் எச்.ஆர். மேனேஜருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, ஃபோல்டரில் இதைப் போடவில்லை. 1918இல் சென்னையில் தொழிலாளர்கள் சங்கம் வைத்தது கீழ்ப்படியாமை. பின்னி நிறுவனம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மேலேயே நஷ்டஈட்டு வழக்குப் போட்டது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்த பிறகுதான் அப்படிப்பட்ட வழக்குகளிலிருந்து சங்கத்துக்குக் கவசம் கிடைத்தது. அதெல்லாம் பழங்கதை என்பீர்கள். தி.நகர் ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் பெண் ரேக்கில் லேசாகச் சாய்ந்தால் அதுவும் ஒழுங்கீனம்தானே? மனுஷிக்கு உட்கார ஒரு நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் திருத்திய வருஷம் 2021. முதல் சந்திரயான் நிலாவைச் சுற்றி வந்ததற்கு 13 வருஷம் கழித்து. நாற்காலி வந்துவிட்டது, போய்ப் பாருங்கள். பல கடைகளில் அதன் மேல் புடவைக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

2023 ஏப்ரல் 21 அன்று அதே சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். கூட்டணிக் கட்சிகளுக்கு யாரும் ஷோகாஸ் கொடுக்கவில்லை. எண்ணிக்கையோடு வரும் கீழ்ப்படியாமைக்குப் பேச்சுவார்த்தை என்று பெயர். தனியாக வந்தால்தான் அது ஒழுங்கீனம்.

எல்லா ஊழியரும் உத்தமர் என்று நான் சொல்லவில்லை. குடித்துவிட்டு ஷிப்டுக்கு வந்து கோளாறு பண்ணியவனுக்கும் சார்ஜ் ஷீட் அடித்திருக்கிறேன், மனசு உறுத்தியதில்லை. ஆனால் அந்த மாதிரி ஆட்களை மேனேஜர்கள் எப்படியாவது சமாளித்துவிடுவார்கள். ஒரு வார லீவில் அனுப்புவார்கள், யூனியன்காரரை விட்டுப் பேசுவார்கள், ஊரிலிருந்து அண்ணனை வரவழைப்பார்கள். அவர்களுக்குத் தூக்கம் கெடுவது குடிக்காமல் வந்து நிதானமாக 'கார்டை மாட்டுங்க சார்' என்று சொல்கிறவனால்தான். அவனைக் கையாளத்தான் நட்சத்திர ஓட்டல், பஃபே, நாற்பத்தெட்டுப் பக்கம்.

தங்கை மகன் வந்த காரியத்தைச் சொன்னான்.

"மாமா, எங்க கம்பெனில சார்ஜ் ஷீட் தமிழ்ல கொடுக்கணும்னு வக்கீல் சொல்றாரு. என் தமிழ் உங்களுக்குத் தெரியுமே. ஒண்ணு அடிச்சுக் கொடுங்களேன்."

"உன் ஆள் என்ன பண்ணான்?"

"செகண்ட் ஷிப்ட் ஆள் ரெண்டு பேர் வரல. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிச்சவன்கிட்ட அப்படியே கண்டின்யூ பண்ணுன்னோம். முடியாதுன்னுட்டான். பாக்கி நாலு பேரும் நின்னாங்க."

"மொத்தம் பதினாறு மணி நேரமா?"

"பதினாறரை. நடுவுல டீ கொடுத்தோம் மாமா."

1948 சட்டம் நாளுக்கு 9 மணி நேரம் என்றது என்றேன். அவனுக்குத் தெரியும். தலையை அந்தப் படத்தில் இருந்த பாகைக்குச் சாய்த்து, நான் சொல்வதைக் கேட்பதுபோல் உட்கார்ந்திருந்தான். பயிற்சி வீண் போகவில்லை.

அவன் லேப்டாப்பை வாங்கி அடித்தேன். கை பழக்கம் விட்டுப் போகவில்லை. 'தாங்கள் தங்கள் மேலதிகாரியின் சட்டப்படியான, நியாயமான உத்தரவுக்கு வேண்டுமென்றே கீழ்ப்படிய மறுத்தீர்கள்.' இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்தச் சொற்களை முழுசாக அடித்தேன். பதினாறரை மணி நேரத்துக்குப் பக்கத்தில் அவை எப்படி இருக்கின்றன என்று அவனே பார்க்கட்டும் என்று திருப்பிக் கொடுத்தேன்.

வாசித்தான். புருவத்தைச் சுருக்கினான். 'சட்டப்படியான, நியாயமான' என்ற இடத்தில் கர்சரை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகப் பின்னாலிருந்து அழித்தான். அவசரமே இல்லை. கோபமும் இல்லை.

"லெங்த்தா போகுது மாமா. இப்ப க்ரிஸ்பா இருக்கு" என்றான். பிறகு மோவாயைச் சொறிந்தபடி, "அன்னிக்கு கேட் கிட்ட என்னை ஒரு மாதிரி பாத்தான். அதையும் ஒரு வரி சேத்துரலாமா? அதுக்குத் தமிழ்ல எப்படி எழுதுவாங்க?"